வயலில்லாத வாய்க்கால்

பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் போன வாரம் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். ஓய்வு பெற்ற நர்ஸுக்கு வேறு என்ன வேலை. பிள்ளை பிறந்ததும் எல்லோர் கண்ணும் பிள்ளை மேலேயே இருக்கிறது. ஆணா பெண்ணா, எடை என்ன, யார் சாயல். பார்க்கத்தான் வேண்டும், நானும் பார்த்தவள்தான். ஆனால் பிள்ளைக்குப் பின்னால் கொடியோடு வருகிறதே ஒரு சதை அடை, நம் ஊர் நஞ்சு என்று சொல்கிறதே, அதை ஒருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு பேசினில் தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் 'வந்தாச்சு' என்று சொல்லி நகர்ந்தாள். யார் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கே தெரியும்.

அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நானும் அப்படித்தானே வந்தேன் என்று தோன்றியது. அதனால் திட்டுக்குப் பதிலாக ஒரு கதை. வேலை இருக்கிறவர்கள் போகலாம். அவள் மட்டும் உட்காரட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கப்பலேறிப் போயிருந்த புதிது. கட்டடங்களில் கொடியும் பெயர்ப்பலகையும் மாறிக்கொண்டிருந்தன. வார்டில் எதுவும் மாறவில்லை. இடுப்பு வலிக்கு எந்தக் கொடி பறந்தால் என்ன. நான் நெரவியில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, பயிற்சி முடித்து, நேராக அந்த வார்டுக்கு வந்தவள். எங்கள் டாக்டர் புதுச்சேரியில் பிரெஞ்சில் மருத்துவம் படித்தவர். பொல்லாத கோபக்காரர். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார், நிஜமாகவே கோபம் வந்தால் தமிழில் திட்டுவார். அவர் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும் வரை நாங்கள் பயப்படுவதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு நஞ்சை நான் வாளியில் போட்டதைப் பார்த்துவிட்டார். "அதைக் கொண்டா இங்க," என்றார். தமிழ். வாளியோடு ஓடினேன்.

ஒரு பீங்கான் பேசினில் உப்புக் கரைசலை ஊற்றி, நஞ்சை அதில் மிதக்க விட்டார். வாளியில் கிடந்தபோது அது ஆட்டு ஈரல் மாதிரி மொத்தையாக இருந்தது. தண்ணீருக்குள் போனதும் அந்த மொத்தையின் அடிப்பக்கம் மெல்லப் பிரிந்தது. குளத்துப் படியில் கால் வைத்தால் பாசி அசையுமே, அப்படி நூல் நூலாக அசைந்தது. ஒரு நூலைப் பார்த்தால் அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. முடிவே தெரியவில்லை. அசிங்கம் என்று நான் வாளியில் வீசிய பொருள் கண்ணெதிரே பூத்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, நாம் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் ஒரு சொட்டு விட்டார். அது கொடி கொடியாக இறங்கி, பரவி, சற்று நேரத்தில் டம்ளர் முழுவதும் ஊதாவாகிவிட்டது.

"யாரு கலக்குனா?"

"யாரும் கலக்கலீங்க ஐயா."

"யாராச்சும் தள்ளிவிட்டாங்களா?"

"இல்லீங்க."

"புள்ளைக்கு மூச்சு போறதும் இப்படித்தான். தாயோட ரத்தம் ஒரு பக்கம், புள்ளையோட ரத்தம் ஒரு பக்கம். ரெண்டும் கலக்காது. நடுவுல மெல்லிசா ஒரு தோலு. நெறைய இருக்கற பக்கத்துலேருந்து கொறைவா இருக்கற பக்கத்துக்குப் பிராணவாயு தானா போயிடும். அதுக்கு எடம் வேணும், அவ்வளவுதான். நெறைய எடம் வேணும்."

பிறகு தன் மேசையிலிருந்து இரண்டு கற்கண்டு எடுத்தார். ஒன்றை அப்படியே ஒரு டம்ளரில் போட்டார். மற்றதை நசுக்கி இன்னொரு டம்ளரில் போட்டார். நசுக்கியது சட்டென்று கரைந்தது. கட்டி அங்கேயே உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே அளவு கற்கண்டுதான். நசுக்கியதற்குத் தண்ணீரைத் தொடுகிற பக்கங்கள் அதிகம், வேறு ரகசியம் இல்லை. அந்த நஞ்சின் நூல்களையெல்லாம் பிரித்து விரித்தால் பிரசவ அறையின் தரை முழுவதும் மூடலாம் என்றார். நான் தரையைப் பார்த்தேன், பேசினைப் பார்த்தேன். என் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்தால் அடங்குகிற பொருள் அது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள் மீன் கொண்டுவந்தால், புதுசுதானா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, நான் பார்த்துவிட்டு மூட மாட்டேன். சிவப்புச் சிவப்பாக, சீப்புக்குள் சீப்பாக அத்தனை மடிப்பு. மீனுக்கும் இடம் போதவில்லை, மடித்து வைத்திருக்கிறது. ஆட்டுக்குடலைக் கழுவினால் உள்ளே மெத்து மெத்தென்று ரோமம் போல. அங்கேயும் இடம் போதவில்லை. உயிர் என்று ஒன்று இருந்தால் அது இடத்துக்காக மடிந்துகொண்டே இருக்கிறது என்று தோன்றும். "மீன் வாங்கறியா, சாமி கும்புடுறியா?" என்று மீன்காரப் பெண் கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

இனி ஹமீதாவின் கதைக்கு வருகிறேன்.

அன்று அம்பகரத்தூர் கோயில் திருவிழா. பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது, வார்டில் பாதிப் பேர் விடுப்பு. டாக்டரும் நானும்தான் இருந்தோம். உச்சி வெயிலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. வண்டிக்குள் ஒரு இளம்பெண் படுத்திருந்தாள். தலைமாட்டில் வீட்டு மருத்துவச்சி. அன்று காலையில்தான் வீட்டில் பிரசவம் ஆகியிருந்தது. முதல் பிள்ளை. புருஷன் சைகோனில் வியாபாரம். பிள்ளை நலம், பெண் பிள்ளை, வீட்டில் இருக்கிறது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை.

ஹமீதா வெளுத்துப் போயிருந்தாள். ரத்தம் கொட்டவில்லை, கசிந்துகொண்டிருந்தது. கொட்டினால் எல்லோரும் ஓடுவோம். கசிகிறதுதான் ஏமாற்றிக்கொண்டே ஆளைக் கொண்டுபோய்விடும். டாக்டர் ஊசி போட்டு, அடிவயிற்றை அழுத்திப் பிடித்தார். கர்ப்பப்பை தேங்காய் போல இறுகியது. அப்பாடா என்றிருந்தது. சற்று நேரத்தில் அது மறுபடி தளர்ந்தது, மறுபடி கசிந்தது. இறுகும், தளரும்.

டாக்டர் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் மருத்துவச்சியைக் கேட்டார்.

"நஞ்சு முழுசா வந்துச்சா?"

"முழுசா வந்துச்சுங்க. திருப்பிப் போட்டு என் கண்ணால பார்த்தேன். எங்கயும் பிஞ்சு போவல."

பொய் சொல்கிற முகம் இல்லை. டாக்டரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் டாக்டரின் முகம் இறுகிப்போனது. என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உள்ள துண்டு எதாச்சும் தங்கியிருந்தா மயக்கம் குடுத்து, கைய விட்டு எடுத்தே ஆவணும். ஒண்ணும் தங்கலேன்னா கைய விடக் கூடாது. இப்ப இருக்கற நாடிக்கு மயக்க மருந்தே இவள முடிச்சிடும். சும்மா தேடிப் பார்க்கலாம்னு கைய விட முடியாது, சாரதா. தெரிஞ்சுதான் விடணும்."

இன்று உங்களிடம் ஸ்கேன் இருக்கிறது, ஏற்ற ரத்தம் இருக்கிறது. எங்களிடம் எதுவும் இல்லை. ஹமீதாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த நஞ்சுதான்.

"நஞ்சு எங்க?" என்றார் டாக்டர்.

"பொதச்சாச்சுங்களே," என்றார் மருத்துவச்சி. "கொல்லையில. அவ அக்காவே பொதச்சிட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "போய் எடுத்துட்டு வா."

"பொதச்சதயா ஐயா?"

"நான் இங்கேருந்து கைய எடுக்க மாட்டேன். நீ போ."

வந்த வண்டியிலேயே ஏறிப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. கதவைத் திறந்தது ஹமீதாவின் அக்கா மரியம். அவர்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். தாயில்லாத ஹமீதாவை வளர்த்தது இந்த மரியம் லாத்தாதான் என்று வண்டிக்காரர் வழியில் சொல்லியிருந்தார். லாத்தாவின் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஹமீதா எப்படிம்மா இருக்கா?"

"ரத்தம் நிக்கலக்கா. டாக்டரு நஞ்சைப் பார்க்கணுங்கறாரு. எங்க பொதச்சீங்க, காட்டுங்க."

லாத்தாவின் கண் ஒரு கணம் கொல்லைப் பக்கம் போய் வந்தது. பிறகு வாசலை மறித்து நின்றார்.

"அத எடுக்கக் கூடாதும்மா."

"எடுத்தே ஆவணும்க்கா."

"பொதச்சத எடுக்கக் கூடாது. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கே டாக்டரின் கை எத்தனை நேரம் தாங்கும்? "உங்க தங்கச்சி உசுரு பெருசா, மண்ணுக்குள்ள கெடக்கற சதை பெருசா?" என்று கத்திவிட்டேன்.

லாத்தா ஒரு அடி பின்வாங்கி, பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இது உசுரு இல்லையா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை அடித்து நிறுத்தியது. நான் ஓர் உயிருக்காக வந்து நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இரண்டு உயிர் இருந்தன. தங்கைக்காக நஞ்சை எடுத்தால் பிள்ளை போய்விடும் என்று அவர் நிஜமாகவே பயந்துகொண்டிருந்தார். இது தெரியாமல் கத்துகிறவள் நர்ஸா, கடன் வசூலிக்க வந்தவளா? கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் கத்துவதற்கும் ஒரே நேரம்தான் ஆகிறது, பிள்ளைகளே. நான் குரலை இறக்கினேன்.

"எடுத்தா புள்ளைக்கு என்ன ஆவும்னு நெனைக்கிறீங்க, லாத்தா?"

அவர் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு. ஆம்புளப் புள்ள. நஞ்சுச் சட்டிய எங்க பொதைக்கிறதுன்னு கேட்டாங்க. நான்தான் எடம் காட்டுனேன். இவ்வளவு ஆழம் போதும்னு நான்தான் சொன்னேன். நாய் தோண்டிப் போட்டுடுச்சும்மா. அதுக்கப்புறந்தான் புள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. நாப்பது நாளு கழியல, மவுத்தாயிடுச்சு, போய்ச் சேந்துடுச்சு. போதும்னு சொன்னது இந்த வாய்தான்." கொல்லையைக் காட்டி, "அதான் இதுக்கு இடுப்பாழம் தோண்டி, எங்க அம்மியவே இழுத்துட்டுப் போய் மேல போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் ஊதா மருந்தையும் கற்கண்டையும் எடுத்து வைத்துப் பாடம் நடத்தியிருக்கலாம். படித்த திமிர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் என் வீட்டு ஞாபகம் வந்தது. எங்கள் நெரவியில் பசு கன்று போட்டால், நஞ்சு விழும் வரை காவல் இருந்து, நாய் வாய் வைக்கும் முன்னால் அதை வைக்கோலில் சுருட்டி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பால் பெருகும் என்று. யாராவது அதை அவிழ்க்க வந்தால் என் அம்மா அரிவாளை எடுத்திருப்பாள். ஒரு மாட்டுக்கே அப்படி.

"லாத்தா, நான் தோண்டல," என்றேன். "நாய் தோண்டுன மாதிரி யாரும் தோண்ட வேணாம். பொதச்சது நீங்க, நீங்களே எடுங்க. உங்க மடியிலயே வச்சு எடுத்துட்டு வாங்க. டாக்டரு பார்க்கற வரைக்கும் உங்க மடிய விட்டு எறங்காது. அந்தி சாயறதுக்குள்ள திரும்ப இதே எடத்துல நீங்களே வைக்கலாம். நான் கூட வர்றேன்."

"டாக்டரு ஒத்துக்குவாரா?"

அவரைக் கேட்டால் அல்லவா எனக்குத் தெரியும். "ஒத்துக்குவாரு," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

லாத்தா கண்ணை மூடி, "ரப்பே, நீதான் பார்த்துக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டுப் பிள்ளையைத் தூளியில் கிடத்தினார். இருவருமாக அம்மியைப் புரட்டித் தள்ளினோம். மண்வெட்டி போட்டது அவர். சட்டி தட்டுப்படும் சமயத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். புதுச் சட்டி, வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உள்ளே கைநிறைய உப்புப் போட்டு வைத்திருந்தார்.

வண்டியில் திரும்பும்போது பிள்ளை என் மடியில், சட்டி லாத்தா மடியில். வண்டி குலுங்கும்போதெல்லாம் இருவரும் ஒரே மாதிரி குனிந்து அணைத்துக்கொண்டோம்.

வார்டில் டாக்டர் அதே இடத்தில், அதே கையோடு நின்றிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஹமீதாவின் உதடு இன்னும் வெளுத்திருந்தது. பிள்ளையை மருத்துவச்சியிடம் கொடுத்துவிட்டு, டாக்டர் கைக்குக் கீழே என் கையை வைத்தேன். அவர் சட்டியை வாங்க நேராக லாத்தாவிடம் கையை நீட்டினார். லாத்தா துப்பட்டியை இழுத்துச் சட்டியின் மேல் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அவங்க மடிய விட்டு எறங்காதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்," என்றேன்.

டாக்டர் என்னை முறைத்தார். தமிழ் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. ஸ்டூலைக் காலால் நகர்த்தி, "உக்காருங்கம்மா" என்றார். பேசினில் உப்புக் கரைசல் ஊற்றி, அதை லாத்தாவின் மடியில் வைத்தார். லாத்தாவே சட்டியைத் திறந்து, நஞ்சை இரு கையாலும் எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினார். வார்டே பார்த்து நடுங்குகிற அந்த மனிதர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார்.

அடிப்பக்கத்தைப் பார்த்தார். பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும் அந்தச் சதையை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. மருத்துவச்சி சொன்னது சரிதான், எங்கும் பிய்ந்திருக்கவில்லை. அப்படியானால் ரத்தம் ஏன் நிற்கவில்லை? பிறகு அதைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கம் பளபளவென்று மெல்லிய சவ்வு. நடுவில் கொடி. கொடியிலிருந்து ரத்தக் குழாய்கள் நாலாபுறமும் கிளை பிரிந்து, ஓரம் வருவதற்குள் ஒவ்வொன்றாகச் சதைக்குள் இறங்கி மறைந்தன. டாக்டர் ஒவ்வொரு குழாயின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு குழாயில் விரல் நின்றது.

அது மறையவில்லை. சதையின் ஓரத்தைத் தாண்டி, வெறும் சவ்வின் மேல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. போன இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் குழாய் அறுந்திருந்தது.

"இது எங்க போவுது?" என்றார் டாக்டர், தனக்குத்தானே.

எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. நெல் வயலில் வளர்ந்தவள் நான். "வாய்க்கால் வரப்பத் தாண்டிப் போவுதுங்கய்யா. போன எடத்துல வயலக் காணோம்."

டாக்டர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கு," என்றார். எழுந்துவிட்டார்.

சிலருக்கு நஞ்சு ஒரே அடையாக இருக்காது. பெரிய அடையிலிருந்து தள்ளி, தனியாக ஒரு குட்டி அடை முளைத்திருக்கும். இடம் போதாமல் எட்டிப்போய் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். பெரியது முழுதாக வெளியே வந்துவிடும், குட்டி உள்ளேயே தங்கிவிடும். யார் பார்த்தாலும் முழுசு என்றுதான் சொல்வார்கள். அந்த ஒற்றைக் குழாய் மட்டும் உண்மையைச் சொல்லும், அதுவும் பார்க்கிறவளுக்குத்தான் சொல்லும். மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்புகிறவளுக்குச் சொல்லாது.

அதன் பிறகு டாக்டர் செய்தது உங்கள் பாடத்தில் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. நாடி ஒரு கட்டத்தில் என் விரலுக்குக் கிடைக்காமல் போனது, அதை மட்டும் சொல்கிறேன். நான் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், லாத்தா தன் ரப்பைக் கூப்பிட்டார், டாக்டர் பிரெஞ்சில் யாரையோ கூப்பிட்டார். அவர் கை வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு சதைத் துண்டு இருந்தது. என் கைக்குக் கீழே கர்ப்பப்பை இறுகியது. இந்த முறை இறுகியது இறுகியதுதான். கசிவு நின்றது. நாடி திரும்பி வந்து என் விரலைத் தட்டியபோது நான் அழுதுவிட்டேன். நர்ஸ் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்கட்டும்.

டாக்டர் அந்தத் துண்டையும் லாத்தாவின் மடியில் இருந்த பேசினில் விட்டார். ஓட்டையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அறுந்த குழாயும் துண்டில் இருந்த குழாயும் சேர்ந்தன. வாய்க்கால் வயலுக்கு வந்து சேர்ந்தது. லாத்தா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நூல்களெல்லாம் தண்ணீரில் விரிந்து அசைய ஆரம்பித்திருந்தன.

"இதெல்லாம் வேருங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேர் மாதிரிதாம்மா," என்றார் டாக்டர். களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "வேரும் மண்ணும் ஒண்ணாக் கலந்துடறதில்ல. ஆனா வேணுங்கறது வந்து சேந்துடுது. தாய் ரத்தமும் புள்ள ரத்தமும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துல ஓடும், கலக்காது."

"அப்ப நடுவுல யாருங்க எறைச்சு ஊத்துறது?"

"யாரும் இல்ல. இந்தப் பக்கம் மூச்சு நெறைய இருக்கு, அந்தப் பக்கம் கொறைவா இருக்கு. தானா போயிடும். நடுவுல இருக்கற தோலு அவ்வளவு மெல்லிசு. இருக்கற எடம் அவ்வளவு பெருசு. இந்த நூலையெல்லாம் விரிச்சா இந்த அறையே கொள்ளாது."

"சுபுஹானல்லாஹ்," என்றார் லாத்தா. படைத்தவனை வியக்கும்போது அவர்கள் சொல்கிற வார்த்தை அது. அதைவிடப் பொருத்தமான சொல் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. டாக்டரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

லாத்தா அப்புறமும் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எதுவரைக்குங்க போவும்? இதுலேருந்து புள்ளைக்கு?"

"புள்ள பொறந்து மொதல்ல அழுவுது பாருங்க, அதுவரைக்கும். அழுத ஒடனே நெஞ்சுக்குள்ள இதவிடப் பெரிய எடம் ஒண்ணு காத்துல விரிஞ்சுக்குது. அதுவரைக்கும் மடிஞ்சு கெடந்த எடம். அதுக்கப்புறம் புள்ளைக்கு அதுதான். இதோட வேலை முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் இதுக்கும் புள்ளைக்கும் நடுவுல ஒரு நூலுகூட இல்லம்மா."

லாத்தாவின் கை பேசினின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"நாய் தோண்டுனாலுமா?" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன கேட்கிறார் என்பது போல என்னைப் பார்த்தார். நான் ஹமீதாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலேயே லாத்தாவின் பக்கம் குனிந்தேன்.

"நாய் தோண்டுனாலும்தான், லாத்தா."

அவர் சத்தம் போட்டு அழவில்லை. துப்பட்டியை வாயில் அழுத்திக்கொண்டு, பேசின் சிந்திவிடாமல் உட்கார்ந்தபடியே அழுதார். எத்தனை வருஷத்து அழுகையோ. டாக்டர் எழுந்துபோய், மருத்துவச்சியிடமிருந்து பிள்ளையை வாங்கி, ஹமீதாவின் பக்கத்தில் கிடத்தினார். அது விழித்துக்கொண்டு வீல் என்று கத்தியது. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே விரிந்துகொண்டிருக்கும் இடத்தை நினைத்து எனக்கு மறுபடி சிலிர்த்தது. இன்றுவரை ஒவ்வொரு பிள்ளை அழும்போதும் எனக்கு அது சிலிர்க்கிறது. உங்களுக்கும் சிலிர்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

சொன்ன சொல்லுக்காக, அந்தி சாயும் முன் லாத்தாவோடு வண்டியில் போனேன். சட்டிக்குள் இப்போது பெரியதும் குட்டியும் சேர்ந்தே இருந்தன. லாத்தா அதே குழியில், அதே இடுப்பாழத்தில், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சட்டியை இறக்கினார். புதைக்காமல் விட்டுவிடுவார் என்று நான் நினைக்கவில்லை, விடவும் கூடாது. ஒரு பிள்ளையை அத்தனை மாதம் பிழைக்க வைத்த பொருளை வாளியில் போடுகிறவர்கள் நாம்தான். மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்காமல், கையால் தட்டிச் சமப்படுத்தினார்.

ஓரத்தில் கிடந்த அம்மியின் ஒரு முனையைப் பிடித்து, குழியின் மேல் வைக்க நான் தூக்கினேன்.

"அங்க வேணாம் தங்கச்சி," என்றார் லாத்தா, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு. "அடுப்படிக்குக் கொண்டு போவலாம். புள்ள பெத்தவளுக்கு நாளைக்கு மருந்து அரைக்கணும்ல."

இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.